அப்பாவுக்காக மாட்டிய விளக்கு

எங்கள் வீட்டில் விளக்கு மாற்றுவது எப்போதும் என் வேலைதான், மேடம். அப்பா சுரங்கத்தில் கட்டடம் அளவு உயரமான எந்திரத்தின் மேல் உட்கார்ந்து மண் வெட்டுகிறவர். ஆனால் வீட்டில் ஒரு ஸ்டூல் மேல் ஏறச் சொன்னால் தலை சுற்றுகிறது என்பார். அம்மாவுக்குக் கை எட்டாது. அதனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே ஃபியூஸ் போடுவது, ஸ்டார்ட்டர் மாற்றுவது, ஃபேனைக் கழற்றித் துடைப்பது எல்லாம் நான்தான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பது தவறு. அப்பா அம்மா படுக்கிற அறையில் இருக்கும் விளக்குகள் அத்தனையும் நான் மாட்டியவை. அவருக்கு ஒரு பல்பை ஹோல்டரில் திருகவும் தெரியாது.

டீ போதும் மேடம், நன்றி. நான் அமைதியாகத்தான் இருக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கே விளங்கும்.

என் பெயர் விஜயராஜ். பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். நான் பிறந்தது இங்கே நெய்வேலி டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸில். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருக்கிறேன். காண்ட்ராக்ட்டில் பெல்ட் வேலை. நிலக்கரி போகும் பெல்ட்டில் ஒட்டிக்கொள்ளும் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றார்கள். இங்கே ஒருவனைப் பார்த்தால் பெயர் கேட்பதற்கு முன்னால் காண்ட்ராக்டா பர்மனென்ட்டா என்று கேட்பார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பெயரை வைத்துக்கொண்டு யாரும் என்ன செய்ய முடியும்?

குறிஞ்சிப்பாடியில் கிருஷ்ணப்ரியா என்று ஒரு பெண்ணைப் பார்த்தோம். தனியார் பள்ளியில் டீச்சர். அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பா கேசரி கொடுத்து, மரியாதையாகப் பேசினார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "தம்பி நல்ல பையனாத்தான் தெரியுறாரு. பர்மனென்ட் ஆனதும் சொல்லி அனுப்புங்க. நாங்க எங்க ஓடிடப் போறோம்?" என்றார். நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அந்த மாதத்தில்தான் ஜெயகணேஷுடைய அப்பா இறந்தார். ஜெயகணேஷ் என்னோடு பெல்ட்டில் நின்றவன், பக்கத்துத் தெரு. அவனுடைய அப்பா டியூட்டியில் இருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. காரியத்தன்று பந்தியில் நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இலையில் வடையை வைத்துக்கொண்டு எல்லோரும் ஜெயகணேஷைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஆறேழு மாதம் கழித்து அவனுக்கு வாரிசு வேலை வந்தது. அதே பெல்ட்டுக்கு அவன் பர்மனென்ட்காரர்களுக்கான வேறு நிற அடையாள அட்டையோடு வந்தான். நான் மண் சுரண்டும்போது சரியாகச் சுரண்டுகிறேனா என்று பார்த்துக்கொள்வது அவன் வேலை. "எங்கப்பா கடைசில எனக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போயிட்டாரு மச்சான்" என்று சொல்லி அழுதான். உண்மையாகவே அழுதான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பார்த்தேன். பனியனோடு உட்கார்ந்து ஒரு தட்டு நிறைய முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அவருக்கு அடுத்த ஜூனில் ரிட்டயர்மென்ட். சுகர் உண்டு, பிரஷர் உண்டு, தொந்தி உண்டு. இருந்தும் ரிட்டயராகி, மாலை போட்டுக்கொண்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பிறகு பல வருடம் இருப்பார் போலத் தெரிந்தது.

ஒன்றைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்பா சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சர்வீஸில் இருக்கும்போது சாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

கத்தி, விஷம் மாதிரியான காரியங்கள் எனக்கு ஒத்துவராது. நான் கோழி வெட்டுகிற இடத்தில்கூட நிற்க மாட்டேன். அவர் மனம் கோணாமல், உடம்பு நோகாமல், இயற்கையாக நடக்க வேண்டும் என்று விரும்பினேன். வழிதான் தெரியவில்லை. அப்போதுதான் டவுன்ஷிப் கிளப்பில் ஒரு கூட்டம் நடந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு டாக்டர் வந்து செயற்கை வெளிச்சமும் உடல்நலமும் என்று பேசினார். நல்ல பேச்சு மேடம், நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். பொழுது சாய்ந்ததும் அது தூக்கத்துக்குத் தயாராகுமாம். ராத்திரி நேரத்தில் கண்ணில் வெள்ளை வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால், அதிலும் நீலம் கலந்த வெள்ளையாக இருந்தால், உடம்பு இன்னும் பகல் என்று நம்பிவிடும். தூக்கம் கெடும். அது நீடித்தால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் களைத்துப்போகும், புத்தி தடுமாறும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அவர்களையே உதாரணமாகக் காட்டினார்.

கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை. நான் எழுந்தேன். "சார், இது ஒருத்தரைப் பாதிக்க எவ்வளவு காலம் ஆகும்?" என்றேன்.

"அது ஆளைப் பொறுத்தது தம்பி. ஏற்கெனவே சுகர், பிரஷர் இருக்கறவங்கன்னா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இந்த வயசுலயே இவ்வளவு அக்கறையா கேக்குறாரு பாருங்க" என்றார். கைதட்டினார்கள்.

எல்லோரும் அன்று வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்தார்கள். நான் மறுநாள் மெயின் பஜாருக்குப் போய் நைனா முகமது பாய் கடையில் விளக்கு வாங்கினேன். அவரும் நீங்கள் விசாரித்தால் சொல்வார்.

"எங்க மாட்டப் போற தம்பி?" என்று கேட்டார்.

"அப்பா படுக்கிற ரூம்ல பாய்."

"படுக்கிற ரூமுக்கு மஞ்ச வெளிச்சம் வாங்கினு போ. கண்ணுக்கு எதமா இருக்கும்."

"இதமா வேணாம் பாய். இருக்கிறதுலயே வெள்ளையா குடுங்க. கொஞ்சம் நீலமா அடிச்சாலும் பரவால்ல."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, பரணிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். நகைக்கடைக்காரரே கண் கூசுகிறது என்று திருப்பிக் கொடுத்தது என்றார்.

வீட்டில் சொல்வதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. சுகர் உள்ளவர் என்பதால் அப்பா ராத்திரி அடிக்கடி எழுந்து போவார். ஒருமுறை நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டிருந்தார். "இனிமே ராத்திரி பூரா லைட் எரியட்டும்பா. கால்ல அடிபட்டா உங்களுக்கு ஆறாது" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. மறுநாள் ஷிப்ட் பஸ்ஸில் எல்லோரிடமும், என் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை உண்டா என்று பேசியிருக்கிறார்.

அந்த அறையில் அம்மாவும் படுப்பாள். சாமியம்மாள் என்பது அவள் பெயர், உங்களிடம் இருக்கும். விளக்கைப் போட்டதும் முந்தானையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணு கூசுதேய்யா" என்றாள்.

"பழகிரும்மா."

"சரிய்யா."

அம்மாவோடு எப்போதும் எனக்குப் பிரச்சினை இருந்ததில்லை. எது சொன்னாலும் சரிய்யா என்பாள். ஒரே ஒருமுறைதான், ராத்திரி எழுந்து சுவிட்சை அணைத்திருக்கிறாள். நான் முன்னறையில் படுப்பவன். கதவின் கீழே வெளிச்சம் இல்லை என்றதும் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அவளைக் கோபிக்கவில்லை. காலையில் சுவிட்சைக் கழற்றிவிட்டு, விளக்கு எப்போதும் எரிகிற மாதிரி வயரை நேராக இணைத்துவிட்டேன். கரண்ட்டுக்கு எங்கள் ஊரில் குறைச்சல் இல்லை.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. அந்த ரிசல்ட்டை மடித்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அன்று இரவு அவர் காலை அமுக்கிவிட்டேன். ஒரு பிள்ளை செய்ய வேண்டிய எதிலும் நான் குறை வைத்ததில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு விஷயம் வேறு மாதிரி போக ஆரம்பித்தது. அப்பாவின் முகம் தெளிந்தது. கருவளையம் மறைந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து நடக்கப் போனார். முதலில் எங்கள் பிளாக்கைச் சுற்றினார், பிறகு பக்கத்துப் பிளாக்கையும் சேர்த்துச் சுற்றினார், தை மாதத்துக்குள் ஓட ஆரம்பித்துவிட்டார். தொந்தி கரைந்து, பேன்ட் இடுப்பில் நிற்காமல், எல்லாவற்றையும் தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. முறுக்கைத் தொடுவதில்லை. மீசைக்கு டை அடித்தார். டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்மின்டன் ராக்கெட்டோடு வந்து, "வர்றியா, ஒரு ஆட்டம் போடலாம்" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். என்னைத் தோற்கடித்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் சொன்னது பொய்யாக இருக்காது, அளவுதான் போதவில்லை என்று முடிவுக்கு வந்தேன். இரண்டாவது விளக்கை மாட்டினேன். பொங்கல் கழிந்ததும் மூன்றாவது. கடைசியில் வாலிபால் கோர்ட்டில் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு ஃபோகஸ் லைட்டை வாங்கி, கட்டிலின் தலைமாட்டுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். ராத்திரியில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுச் சேவல் நேரம் தெரியாமல் கூவிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டு ஆசிஃபா அக்கா வேறு வழியில்லாமல் அதைப் பிரியாணி போட்டுவிட்டார். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அப்பா ரசித்துச் சாப்பிட்டார்.

மாசித் தொடக்கத்தில் டவுன்ஷிப்பில் ஊழியர்களுக்கு ஒரு ஓட்டப்பந்தயம் நடந்தது. மூத்தோர் பிரிவில் அப்பாவுக்கு முதல் பரிசு. மேடையில் மைக்கைக் கொடுத்தபோது, "இந்த ஆரோக்கியத்துக்கு ஒரே காரணம் எம் மகன் என் ரூம்ல மாட்டின லைட்டு" என்று சொல்லிவிட்டார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எங்க அப்பாவுக்கும் அதே மாதிரி மாட்டிக் குடு என்று கேட்டார்கள். அப்பா நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களும் வந்தார்கள். காண்ட்ராக்ட்டில் இருக்கும் இரண்டு பையன்கள் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இது நெசமாவே நல்லதா? டாக்டர் வேற மாதிரில்ல சொன்னாரு?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்டார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே விளக்கைத்தான் மாட்டினேன். எங்கள் தெரு ஒரு மாதம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நைனா முகமது பாய் எனக்கு ஒரு மிக்சி கொடுத்தார்.

அதே மாசியில் ஒரு முகூர்த்தத்தில் கிருஷ்ணப்ரியாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு அழைப்பு வந்தது, போய் மொய் வைத்துவிட்டு வந்தேன். அதனால் காரணமே இல்லாமல் போய்விட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவது என் பழக்கம் இல்லை.

வீட்டில் ஒரு அசௌகரியம் மட்டும் இருந்தது. அம்மா சமையலில் கவனம் இல்லாமல் போய்விட்டாள். சாம்பாரில் இரண்டு முறை உப்பு போடுவாள், இல்லையென்றால் போடவே மாட்டாள். ஒரு காலையில் தோசைக்கல்லில் மாவுக்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது வேகட்டும் என்று மூடிபோட்டுக் காத்திருந்தாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அதைச் சொன்னேன். "இந்தா ஆச்சுய்யா" என்று மூடியைத் திறந்து பார்த்தாள். இன்னொரு நாள் நான் டியூட்டி முடிந்து வந்தபோது, வாசலில் என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, உள்ள வந்து உக்காருங்க. எங்க பையன் இப்ப வந்துருவான்" என்றாள். விருந்தாளிகளுக்கு எடுக்கும் வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாள். நானும் குடித்தேன். காபி நன்றாக இருந்தது. குடித்து முடித்த பிறகுதான் என்னை அடையாளம் கண்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆசிஃபா அக்கா வேலி ஓரத்தில் என்னை நிறுத்திச் சொன்னார். "தம்பி, உங்கம்மா பகல்லயே நின்னுகினே தூங்குறாங்க. நேத்து தண்ணி புடிக்கச்சொல்ல கொடம் நிரம்பி வழியுது, அவங்க பாட்டுக்குக் கண்ண மூடிகினு நிக்குறாங்க. கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்து கெடக்குது. யாராவது டாக்டராண்ட காட்டுங்க."

"வயசாகுதுல்லக்கா" என்றேன்.

"என்னா வயசு? உங்கப்பாவ விட சின்னவங்கதான? அவரு எப்புடி ஓடிகினு இருக்காரு."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதே அறை, அதே விளக்கு. அப்பாவின் உடம்பு ஏன் கேட்கவில்லை என்றுதான் எனக்கும் இரவெல்லாம் யோசனை. அம்மாவின் பக்கம் என் யோசனை போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஃபோகஸ் லைட்டை வைத்த பிறகு ஒருநாள் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதையோ கடன் கேட்க வந்தவள் மாதிரி சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏய்யா, இன்னைக்கு ஒரு நாளு மட்டும் அதை அணைச்சிக்கிடட்டுமா? ஒரே ஒரு நாளு."

"அப்பா இருட்டுல விழுந்துட்டா என்னம்மா பண்றது?"

"அவரு…" என்று ஏதோ சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "சரிய்யா. நீ ஆசையா மாட்டினது. எரியட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மாசி கடைசியில் நல்ல வெயில். அம்மா வடகம் பிழிய மாவு கிண்டி எடுத்துக்கொண்டு காலையிலேயே மொட்டை மாடிக்குப் போனாள். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆசிஃபா அக்காதான் பார்த்தவர். அவர் உங்களிடம் சொன்னது சரிதான், அதில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. அம்மா பாதித் துணிக்கு வடகம் பிழிந்திருக்கிறாள். களைத்துப்போய்க் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசிஃபா அக்கா ஏதோ பேச்சுக் கொடுத்திருக்கிறார், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தலை தொங்கிப்போய் நல்ல தூக்கம். கூப்பிடுவதற்குள் பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். "தூங்கிகினே வுழுந்தாங்க தம்பி, ஒரு சத்தம்கூட போடல" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில், கழுத்தில் அடி, கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

தகவல் போனதும் அப்பா சுரங்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கேட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை ஓடியே வந்திருக்கிறார். அவ்வளவு தூரம் ஓடிவந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன். மனது விட்டுப்போனது.

காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் அவரும் நானும் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே பலா மரத்தடியில் ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. பழைய சாமான் போட்டுவைக்க என்று நினைத்திருந்தேன். அதில் அவருடைய தலையணை இருந்தது. போர்வை இருந்தது. கொசுவலையும் கட்டியிருந்தது.

"யாருப்பா இங்க படுக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஊர்ப் பேச்சில் சொன்னார். "நாந்தாம்ல. அந்த லைட்டுல எனக்குப் பொட்டுத் தூக்கம் வரல. உங்கிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். உங்கம்மாதான் வேண்டாம்னுட்டா. புள்ள ஆசையா மாட்டியிருக்கான், சங்கடப்படுவான்னா. நீங்க பின்வாசல் வழியா போயி நிம்மதியாத் தூங்குங்க, நான் உள்ள படுத்துக்கிடுதேன், ரெண்டு பேரும் இல்லன்னா அவனுக்குத் தெரிஞ்சிரும்னா. ஐப்பசிலேருந்து நான் இங்கதான் படுக்கேன். நல்லாத் தூங்கினேம்ல. அவள அங்க விட்டுட்டு நான் நல்லாத் தூங்கினேன்."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் மேடம். ஐப்பசியிலிருந்து. அந்த மனிதர் இருட்டில், காற்றில், பலா மரத்துக்குக் கீழே, ஒரு நாள் விடாமல் தூங்கியிருக்கிறார். உடம்பு தேறாமல் என்ன செய்யும்? டாக்டர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. தூக்கம் கெடும் என்றார், கெட்டது. புத்தி தடுமாறும் என்றார், தடுமாறியது. எல்லாமே நடந்திருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்துவிட்டார்கள். பெற்றவர்களே பிள்ளையிடம் இப்படி மனம்விட்டுப் பேசாமல் இருந்தால் ஒரு குடும்பம் எப்படி உருப்படும்?

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆசிஃபா அக்கா விசாரணையில், அந்த வீட்டில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும், அம்மா தூங்காமல் கிடப்பார், பெரியவர் வெளியே படுப்பார் என்று பார்த்ததைச் சொன்னார். நீங்கள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அவர், அவளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கேயே இருந்துவிட்டார். துக்கத்தில் இருப்பவர் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. என்மேல் பழி வரக் கூடாது என்றும் நினைத்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்.

அதனால்தான் நானே வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. விளக்கு மாட்டியது நான். சுவிட்சைக் கழற்றியது நான். அப்பாவை மனதில் வைத்துத்தான் அத்தனையும் செய்தேன் என்பதையும் ஒளிக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீங்களே பார்க்கிறீர்கள், என்னைவிட நன்றாக இருக்கிறார். வீட்டில் விளக்கு மாட்டுவது குற்றம் என்றால் நைனா முகமது பாயையும் நீங்கள் கூப்பிட வேண்டும், எங்கள் தெருவில் பாதிப் பேரையும் கூப்பிட வேண்டும். அம்மாவைப் பொறுத்தவரை என் மனம் சுத்தமாக இருக்கிறது. அவளை நான் எதுவும் செய்யவில்லை. அவளிடம் எனக்கு எந்த நோக்கமும் இருந்ததில்லை. அவள் வேலையில் இல்லை.

அப்பா மேல் வழக்குப் போட்டால் சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள். சஸ்பென்ஷனில் இருக்கும்போது ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுக்கு என்ன நிலைமை என்று யூனியன் ஆபீஸில் கேட்டேன். அவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. எதற்கு அந்தக் குழப்பம்? ஜூன்வரை அவருக்கு சர்வீஸ் இருக்கிறது. உங்கள் ஸ்டேஷனில் பின்பக்க அறை இருட்டாக இருக்கிறது, மேடம். வரும்போது பார்த்தேன். அந்தப் பெஞ்சிலும் அவர் நன்றாகத்தான் தூங்குகிறார். அது சரிப்படாது.

அவரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். அறையைப் பெருக்கி, புது விரிப்பு போட்டிருக்கிறேன். கொட்டகையிலிருந்த கயிற்றுக் கட்டிலைக் காடாம்புலியூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், பின்வாசலுக்குப் பூட்டு போட்டாயிற்று. இனிமேல் அவருக்குப் பதிலாக அந்த அறையில் படுத்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை.